கிளை, ஊர்ப்புற நூலகப் பணியாளர்களுக்கு ஒருநாள் தகவல் அறிதிறன் பயிற்சி: எதை வைப்பது, எதை விடுவது?

பயிற்சி_மேசை (கேள்வி)

வணக்கம். மாவட்ட மைய நூலக அரங்கில் அடுத்த மாதம் ஒருநாள் பயிற்சி. வருபவர்கள் 28 பேர். கிளை நூலகர்கள் 11, ஊர்ப்புற நூலகர்கள் 17. காலை 10 முதல் மாலை 4.30 வரை. 12 கணினி, ஒரு புரொஜெக்டர், சுமாரான இணைய வேகம். 'தகவல் அறிதிறன்' (தேவையான தகவலைத் தேடி எடுத்து, சரிபார்த்து, பயன்படுத்தும் திறன்) என்ற தலைப்பு மேலிருந்து வந்துவிட்டது. உள்ளே என்ன வைப்பது என்பது மட்டும்தான் நம் கையில்.

இந்தத் தலைப்பில் வழக்கமாக என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். 1974-ல் பால் சுர்கோவ்ஸ்கி இந்தச் சொல்லைக் கொண்டுவந்தார், 1989-ல் அமெரிக்க நூலகச் சங்கம் இப்படி வரையறுத்தது என்று ஐம்பது ஸ்லைடு ஓடும். சாப்பாடு, குழுப்படம், சான்றிதழ். மறுநாள் மேசைக்கு வரும் வாசகர் கேட்பதோ வேறு. குரூப் 4 பாடத்திட்டம் மாறிடுச்சா? பட்டாவுல பேர் மாத்த என்ன வேணும்? வாட்ஸாப்ல வந்த இந்தத் திட்டம் நிஜமா?

ஆறு மணி நேரத்தில் எதை வெட்டலாம், எதைக் கையால் செய்து பார்க்க வைக்கலாம்? தமிழில் தேடுவதற்குத் தனி நேரம் வேண்டுமா? பலன் இருந்ததா என்று பிறகு எப்படிப் பார்ப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

கோலன்_பகுப்பு

வரையறை, வரலாறு எல்லாவற்றையும் ஒரே தாளில் அடித்துக் கையில் கொடுத்துவிடுங்கள். மேடையில் அதற்கு ஒரு நிமிடம்கூட வேண்டாம். காலை முழுவதையும் ஒரே விஷயத்துக்கு ஒதுக்குங்கள்: வாசகர் கேட்ட கேள்விக்குப் பின்னால் இருக்கும் உண்மையான தேவையைக் கேட்டுத் தெரிந்துகொள்வது. தேடத் தெரியாததால் தவறும் பதில்களைவிட, வாசகர் கேட்காத கேள்விக்குத் தேடியதால் தவறும் பதில்களே அதிகம்.

இது வெறும் அபிப்பிராயம் அல்ல. அமெரிக்கப் பொது நூலகங்களில் ஆய்வாளர்கள் சாதாரண வாசகரைப் போலப் போய், முன்பே விடை தெரிந்த கேள்விகளைக் கேட்டுப் பார்த்தார்கள். ஏறத்தாழ 55 சதவீதம்தான் சரியான பதில் வந்தது. 1986-ல் ஹெர்னான், மெக்ளூர் இருவரும் எழுதிய பிறகு '55 சதவீத விதி' என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. மேரிலாந்து மாநிலத்தில் இதே போன்ற சோதனைக்குப் பிறகு, எந்தெந்த நடத்தை சரியான பதிலோடு சேர்ந்து வருகிறது என்று பிரித்துப் பார்த்துப் பயிற்சி கொடுத்தார்கள். கேள்வியைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்வது, கடைசியில் 'நீங்கள் கேட்டது முழுசாகக் கிடைத்ததா' என்று கேட்பது போன்றவை அந்தப் பட்டியலில் இருந்தன. காசு செலவில்லாத காரியம்.

செய்முறை இப்படி. மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள். 28 பேருக்கு எட்டு மூவர் குழு, ஒரு நால்வர் குழு. ஒருவர் வாசகர், ஒருவர் பணியாளர், ஒருவர் பார்வையாளர். நால்வர் குழுவில் பார்வையாளர் இரண்டு. வாசகர் கையில் ஒரு அட்டை. முன்பக்கம் வாயால் சொல்ல வேண்டிய வாக்கியம், பின்பக்கம் உண்மைத் தேவை. கேட்டால் மட்டுமே பின்பக்கத்திலிருந்து சொல்லலாம், அதுவும் கேட்ட அளவுக்கு.

முன்பக்கம்: "பட்டா பத்தி புக்கு இருக்குதுங்களா?" பின்பக்கம்: அப்பா இறந்து நான்கு மாதம். நிலம் அவர் பெயரில். அண்ணன் தம்பி மூவர். எங்கே, என்ன காகிதத்தோடு போவது என்று தெரியவில்லை. ஊகித்து ஓடும் பணியாளர் நிலச் சட்டப் புத்தகத்தை எடுத்து நீட்டுவார். கேட்கும் பணியாளருக்கு இரண்டாவது கேள்வியிலேயே இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா மாறுதல் மனு என்ற வரிசை பிடிபட்டுவிடும். புத்தகமே தேவைப்படாது.

இன்னொன்று. முன்பக்கம்: "சுகர் பத்தி ஏதாவது குடுங்க." பின்பக்கம்: அம்மாவுக்குப் போன வாரம்தான் கண்டுபிடித்தார்கள். டாக்டர் கொடுத்த உணவுத்தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது, அதைப் புரிந்துகொள்ள வேண்டும். இவருக்கு இயற்கை வைத்தியப் புத்தகம் ஐந்தை அடுக்கினால் அது உபகாரம் ஆகாது.

ஒரு சுற்று நான்கு நிமிடம், பேச இரண்டு நிமிடம், பிறகு இடம் மாறுதல். பார்வையாளர் தாளில் ஐந்து கட்டம் போதும். ஆம் இல்லை என்று முடியாத கேள்வி ஒன்றாவது கேட்டாரா? தன் வார்த்தையில் திருப்பிச் சொன்னாரா? எவ்வளவு, எப்போதைக்கு என்று கேட்டாரா? விடை எங்கிருந்து வந்தது என்று காட்டினாரா? முடிவில் கிடைத்ததா என்று கேட்டாரா? நான்காவது, ஐந்தாவது கட்டங்கள் முதல் சுற்றில் பெரும்பாலும் காலியாக இருக்கும். மூன்றாவது சுற்றில் நிரம்பும்.

ஒரு எச்சரிக்கை. 'எதுக்கு வேணும்?' என்று கேட்கச் சொல்லிக் கொடுக்காதீர்கள். நம் ஊர் மேசையில் அது விசாரணை மாதிரி விழும். சின்னப் பையனும் பெண்களும் அந்த இடத்திலேயே 'இல்ல, சும்மா' என்று நழுவிவிடுவார்கள். 'இதுல எந்த விஷயம் பார்க்கணும்னு சொன்னீங்கன்னா சரியா எடுத்துத் தரலாம்' என்று கேட்டால் அதே தகவல் வரும், முகம் சுருங்காது. உடல்நலம், குடும்ப வழக்கு போன்றவற்றைக் குரலைத் தாழ்த்திக் கேட்க வேண்டும். நாளிதழ் மேசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் காது நீளம்.

---

பழைய_கேட்லாக்

மேலே சொன்னதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் 12 கணினியை நம்பிப் பயிற்சியை அமைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஊர்ப்புற நூலகர் 17 பேரில் எத்தனை பேர் மேசையில் வேலை செய்யும் கணினி இருக்கிறது என்று முதலில் ஒரு ஃபோன் போட்டு எண்ணுங்கள். இல்லாதவர்களுக்குக் கைபேசியில்தான் பழக்க வேண்டும். கணினியில் கற்றது கைபேசிக்குத் தானாக வராது. புதிய தாவலில் திறக்க இணைப்பை அழுத்திப் பிடிக்க வேண்டும். முழு முகவரி தெரிய மேலே இருக்கும் பட்டையைத் தொட வேண்டும். பக்கத்துக்குள் ஒரு சொல்லைத் தேட மூன்று புள்ளி மெனுவுக்குள் போக வேண்டும். இந்த மூன்றும் பழகாதவர் எந்தத் தளத்தையும் சரிபார்க்க முடியாது.

கணினியில் செய்தே ஆக வேண்டும் என்றால், மூவருக்கு ஒரு மவுஸ் என்று விட்டால் ஒருவர் பிடித்துக்கொள்வார், மற்ற இருவர் வேடிக்கை பார்ப்பார்கள். மவுஸ் பிடித்தவர் தானாக எதையும் முடிவு செய்யக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் சொன்னதை மட்டும் செய்ய வேண்டும் என்று விதி வையுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஆள் மாறட்டும்.

இணையம்: ஒரே இணைப்பிலிருந்து பன்னிரண்டு கணினி ஒரே நேரத்தில் ஒரே சொல்லைத் தேடினால் 'நான் ரோபோ அல்ல' கட்டம் வந்து நிற்கும். கேள்விகளை வரிசை மாற்றிக் கொடுத்தால் அது குறையும். பெரிய பிடிஎஃப் கோப்புகளை முதல் நாளே டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டரில் இறக்கி வைத்துவிடுங்கள்.

அடுத்தது, அலமாரியை மறந்துவிடாதீர்கள். பாதிக் கேள்விகளை இணையம் இல்லாமல் தீர்க்க வையுங்கள். தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதி பல மைய நூலகங்களில் தூசியோடு நிற்கிறது. 1954 முதல் 1968 வரை வந்தது. பழைய அறிவியல் வரலாறு, இலக்கிய வரலாறு போன்ற பொருள்களுக்கு இன்றும் கை கொடுக்கும். மக்கள்தொகை, எல்லை, அரசியல் அமைப்பு எதற்கும் தொடக் கூடாது. எந்த நூல் எந்தக் கேள்விக்கு ஆகும், எதற்கு ஆகாது என்று பிரிக்கத் தெரிவதும் இந்தப் பயிற்சிக்குள் வருவதுதான்.

எளிய பயிற்சி ஒன்று: 'தமிழ்நாட்டில் எத்தனை மாவட்டம்?' அலமாரியில் உள்ள நான்கு பொது அறிவு நூல்களை எடுத்து வந்து பார்க்கச் சொல்லுங்கள். 2018-க்கு முந்தைய நூலில் 32 இருக்கும். 2019-ல் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என ஐந்து பிரிந்தன. 2020-ல் மயிலாடுதுறை வந்து 38 ஆனது. இடைப்பட்ட பதிப்பில் 37 இருந்தாலும் இருக்கும். மூன்று நூலில் மூன்று விடை, மூன்றும் அச்சான நாளில் சரி. பதிப்பு ஆண்டு பார்க்காமல் விடை சொல்லக் கூடாது என்பதை இதைவிட எளிதாகப் புரியவைக்க முடியாது.

இதோடு சேர்த்துக் கழிவு வேலையையும், அதாவது பழசான நூல்களை அலமாரியிலிருந்து நீக்குவதையும், கொடுங்கள். குரூப் 4 வழிகாட்டியில் 'பொதுத் தமிழ் அல்லது பொது ஆங்கிலம்' என்று விருப்பத் தேர்வு போட்டிருந்தால் அது பழசு. 2021 டிசம்பர் 1 தேதியிட்ட மனிதவள மேலாண்மைத் துறை அரசாணை (நிலை) எண் 133-க்குப் பிறகு தமிழ்த் தாள் கட்டாயம். இப்போது அந்தத் தேர்வில் தமிழ் 100 கேள்விக்கு 150 மதிப்பெண், அதில் 40 சதவீதம், அதாவது 60 எடுக்காவிட்டால் மீதித் தாளை மதிப்பிடவே மாட்டார்கள். பழைய வழிகாட்டியை அலமாரியில் விட்டு வைத்தால் நூலகமே தவறான தகவலைக் கொடுத்ததாகிவிடும். வாட்ஸாப்பை மட்டும் திட்டிப் பயனில்லை.

---

மேசைவிளக்கு

பிற்பகல் சரிபார்ப்புப் பகுதிக்கு என் பங்கு.

முதல்ல ஒண்ணு. 'ஆசிரியர் யார், தேதி என்ன, வடிவமைப்பு நல்லா இருக்கா, எழுத்துப்பிழை இருக்கா' என்று ஒரே பக்கத்தை உட்கார்ந்து மதிப்பிடும் நீண்ட பட்டியல் எதையும் கொடுக்காதீங்க. போலித் தளம் போடுறவன் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் தளமே கட்டுறான். 'எங்களைப் பற்றி' பக்கம், முகவரி, பூட்டுப் படம் எல்லாம் அவன்கிட்டயும் இருக்கும். பூட்டுப் படத்துக்கு அர்த்தம் இணைப்பு மறையாக்கம் ஆகியிருக்கு, அதாவது நடுவில் வேற யாரும் படிக்க முடியாது என்பது மட்டும்தான். எதிர்முனையில் இருப்பவன் யோக்கியன் என்று அது சொல்லலை.

ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் வரலாற்றுப் பேராசிரியர்கள், மாணவர்கள், தொழில்முறை உண்மை சரிபார்ப்பவர்கள் மூணு தரப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. சரிபார்ப்பவர்கள் சந்தேகமான பக்கத்தை அதிகம் படிக்கவே இல்லை. உடனே வேறு தாவல்களைத் திறந்து 'மத்தவங்க இதைப் பத்தி என்ன சொல்றாங்க'ன்னு பார்த்தாங்க. பக்கவாட்டு வாசிப்பு என்று இதைச் சொல்லலாம். ஊர்ல புதுசா ஒருத்தர் வந்து கடன் கேட்டா அவர்கிட்டயே 'நீங்க நல்லவரா'ன்னு கேட்க மாட்டோம், பக்கத்துக் கடையில விசாரிப்போம். இங்கேயும் அதேதான்.

பயிற்சி: ஒரு தளத்துக்கு 90 வினாடி. அந்தத் தளத்தை விட்டு வெளியே வந்து, அதன் பெயரைத் தேடி, இரண்டு வெளி ஆதாரம் பார்த்து 'கொடுக்கலாம் / கொடுக்க வேண்டாம் / மேலே கேட்கணும்' என்று மூணுல ஒண்ணு சொல்லணும். நேரம் போடலைன்னா ஒரே பக்கத்தை முழுசாப் படிச்சுக்கிட்டே இருப்பாங்க.

முகவரியைப் படிக்கத் தனியா பத்து நிமிஷம். இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டு. அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டில் நில். அங்கிருந்து இடப்பக்கமாப் படி. கடைசித் துண்டு 'கவ் டாட் இன்' என்று முடிஞ்சா அரசுத் தளம், ஏன்னா அந்தப் பெயர் அரசு அமைப்புகளுக்கு மட்டும்தான் கிடைக்கும். 'டிஎன்பிஎஸ்சி', 'கவ்' என்ற எழுத்துகள் நடுவில் எங்கேயோ இருந்து, முடிவு வேறயா இருந்தா அந்த எழுத்துகளை வச்சே அரசுத் தளம்னு நம்பக் கூடாது. 'டாட் ஆர்க்' என்பதை யார் வேணும்னாலும் வாங்கலாம். பலருக்கு அது நம்பகமான சின்னம் என்ற எண்ணம் இருக்கு, அதை உடைக்கணும். பத்து முகவரியைத் தாளில் அச்சடிச்சுக் கொடுத்து, பேனாவால் கோடு போட வையுங்க. இணையமே தேவையில்லை.

படம்: கூகுள் லென்ஸில் போட்டா 'அதே மாதிரி' படங்களும் வரும், 'அதே' படமும் வரும். இரண்டையும் குழப்பிக்கிறதுதான் இங்கே நடக்கிற பெரிய தப்பு. வெள்ளத்தில் பஸ் நிக்கிற படத்துக்கு உலகத்துல இருக்கிற எல்லா வெள்ள பஸ்ஸும் வந்து நிக்கும். படத்தில் மாறாத ஒரு சின்ன அடையாளத்தைப் பிடிச்சு, கடைப் பலகையோ வண்டி எண்ணோ, அது இரண்டு படத்திலும் ஒண்ணா இருக்கான்னு பார்க்கணும். டின்ஐ என்ற படம் தேடும் தளத்தில் 'மிகப் பழையது' என்று வரிசைப்படுத்தும் வசதி இருக்கு. நேத்து நடந்ததாச் சொல்ற படம் ஏழு வருஷத்துக்கு முன்னாடியே வந்திருந்தா கதை முடிஞ்சது. படத்தின் மேல தமிழ் வாசகம் ஒட்டியிருந்தா அதை வெட்டிட்டுத் தேடுங்க. வீடியோவா இருந்தா வேற வேற இடத்தில் நிறுத்தி மூணு நாலு ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேடணும்.

வாட்ஸாப்: இரட்டை அம்புக்குறியோட 'பலமுறை ஃபார்வர்டு' என்று இருந்தா, அது ஐந்து அல்லது அதுக்கு மேல் கை மாறி வந்தது. 2020-லிருந்து அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரே ஒரு அரட்டைக்குத்தான் அனுப்ப முடியும். இந்தக் குறி பொய் என்பதற்குச் சாட்சி இல்லை. நிறுத்திப் பார்க்கணும் என்பதற்கான மணி, அவ்வளவுதான்.

சரிபார்ப்புத் தளங்கள்னு பார்த்தா மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகப் பிரிவு, தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகம், தமிழில் யூடர்ன் போன்றவை. அரசுப் பிரிவு சொல்றது அரசு தன்னைப் பத்திச் சொல்ற விளக்கம். 'இந்தத் திட்டம் இல்லை' என்பதற்கு அது போதும். கொள்கை பற்றிய சர்ச்சைக்கு மூல ஆவணத்தையும் சேர்த்துப் பார்க்கணும். இதைப் பயிற்சியில் வெளிப்படையாச் சொல்லலாம், யாருக்கும் கோபம் வராது.

கடைசியா, ஏஐ. சாட்ஜிபிடியிடம் ஒரு அரசாணை எண் கேட்க வையுங்க. சில நேரம் சரியா வரும். சில நேரம் துறை, தேதி, எண் எல்லாம் கச்சிதமா இருக்கும், ஆனா அப்படி ஒரு ஆணையே இருக்காது. தேடல் பக்கத்தின் உச்சியில் வரும் ஏஐ சுருக்கமும் அதே ரகம்தான். விதி ஒண்ணு போதும்: எண், தேதி, சட்டப் பிரிவு, மருந்தளவு நாலையும் மூலத்தில் கண்ணால் பார்க்காம வாசகரிடம் சொல்லக் கூடாது. தேடுசொல் யோசிக்க, ஆங்கிலத் துறைப் பெயரைத் தெரிஞ்சுக்க அதைப் பயன்படுத்தலாம்.

---

எழுத்துரு_ஆய்வு

தமிழில் தேடுவதற்குத் தனி நேரம் கட்டாயம் வேண்டும், குறைந்தது 45 நிமிடம். 'கூகுளில் தமிழில் போட்டால் வரவில்லை, அதனால் இல்லை' என்று பணியாளர் முடிவு கட்டுவதற்குப் பெரும்பாலும் எழுத்துருவே காரணம்.

அரசு ஆவணங்களில் கணிசமானவை வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டுப் பிடிஎஃப் ஆனவை. பழைய தளங்களில் பாமினி, தாப், டிஸ்கி இருக்கும். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலக் குப்பை. சோதிக்க அரை நிமிடம் போதும். பிடிஎஃப்பைத் திறந்து ஒரு வரியைப் பிடித்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டவும். தமிழாகவே விழுந்தால் யூனிகோடு, அதாவது எல்லாக் கணினியும் ஒரே மாதிரி படிக்கும் எழுத்து முறை. ஆங்கில எழுத்தும் குறிகளுமாக விழுந்தால் பழைய எழுத்துரு. வரியைப் பிடிக்கவே முடியவில்லை என்றால் அது வருடிய (ஸ்கேன் செய்த) படம். 2010-லேயே தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டுவிட்டது. ஆனாலும் அதற்குப் பிறகான கோப்புகளிலும் மூன்று வகையும் கலந்துதான் கிடக்கின்றன.

பழைய எழுத்துரு என்றால் எழுத்துரு மாற்றியில் போட்டுப் படிக்கலாம். எந்த எழுத்துரு என்று தெரியாவிட்டால் பிடிஎஃப்பின் 'பண்புகள்' சாளரத்தில் எழுத்துருத் தாவலைப் பார்க்கவும், பெயர் அங்கே இருக்கும். வருடிய படம் என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி, வலச்சொடுக்கி, கூகுள் டாக்ஸில் திற என்று கொடுத்தால் எழுத்தைப் பிரித்துத் தரும். கோப்பு 2 எம்பிக்குள் இருப்பது நல்லது. துணைக்காலும் 'ர'வும் அடிக்கடி இடம் மாறும், எண்கள் தப்பும், எனவே எண்ணை மூலப் படத்தோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். வாசகரின் ஆதாரையோ சொத்துப் பத்திரத்தையோ பணியாளரின் கணக்கில் ஏற்றவே கூடாது என்பதையும் அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். வசதியாக இருக்கிறது என்று செய்துவிடுவார்கள்.

தேடலில் சிக்காத ஆணையைப் பிடிக்க ஆங்கிலத் துறைப் பெயர், எண், தேதி மூன்றையும் வைத்துத் தேட வேண்டும். குறிப்பிட்ட தளத்துக்குள் மட்டும் தேட, 'சைட்' என்று ஆங்கிலத்தில் அடித்து முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தள முகவரி. முக்காற்புள்ளிக்குப் பின் ஒரு இடைவெளி விழுந்தாலும் கட்டளை வேலை செய்யாது, அப்போது அது வெறும் சொல். வகுப்பில் பாதிப் பேருக்கு இது நடக்கும், காரணமும் தெரியாது. ஆணையின் வகையையும் சொல்லிக் கொடுங்கள். நிலை, வாலாயம், டி என்ற வகைகளுக்குத் தனித்தனி எண் வரிசை. ஒரே துறையில் ஒரே ஆண்டில் (நிலை) எண் 40-ம் இருக்கும், (வாலாயம்) எண் 40-ம் இருக்கும்.

சொல் வடிவம் இன்னொரு தலைவலி. கரோனா, கொரோனா. ஜூலை, சூலை. தூத்துக்குடியை ஆங்கிலத்தில் தேட இரண்டு எழுத்துக்கோர்வை. வேற்றுமை உருபு ஏறினால் சொல்லே மாறிவிடும். 'ஏரி'யைத் தேடினால் 'ஏரியில்', 'ஏரிக்கு' எல்லா நேரமும் வரும் என்று சொல்ல முடியாது. அதனால் நீண்ட வாக்கியமாக அடிக்காமல், உருபு இல்லாத பெயர்ச்சொல் இரண்டு மூன்று மட்டும் அடிக்கப் பழக்குங்கள். மேற்கோள்குறிக்குள் போட்டால் ஒற்று மிகுந்தும் மிகாமலும் இரண்டு முறை தேட வேண்டும். 'தகவல் தொடர்பு துறை', 'தகவல் தொடர்புத் துறை' இரண்டும் அச்சில் இருக்கின்றன.

பயிற்சிக்கு ஒரு நல்ல பொறி: 2020 ஜூனில் தமிழ்நாட்டின் 1,018 ஊர்ப் பெயர்களுக்கு ஆங்கில எழுத்துக்கோர்வையை மாற்றி அரசாணை வெளியானது. சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. தேடினால் முதல் செய்திதான் மேலே வரும், ஆணையும் கிடைக்கும், எல்லாம் அசல். 'இப்போது நடைமுறையில் இருக்கிறதா' என்று அடுத்த தேடல் செய்கிறவர் எத்தனை பேர் என்று பாருங்கள். மூல ஆவணம் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது நன்றாகத் தேடத் தெரிந்தவர்களிடமே அதிகம்.

---

வடமராட்சி_வாசகசாலை

மேலே எழுத்துரு பற்றிச் சொன்னதோடு ஒன்று சேர்க்க விரும்புகிறேன். இலங்கைத் தமிழ் ஆவணங்களும் உங்கள் தேடல் முடிவுகளில் கலந்து வரும், எங்களுக்கு உங்களுடையவை வருவது போல. தளத்தைப் பார்க்காமல் சொல்லை மட்டும் பார்த்தே நாட்டைப் பிரிக்கப் பழக்கலாம். உங்கள் அரசிதழ் எங்களுக்கு வர்த்தமானி. சுற்றறிக்கை சுற்றுநிருபம். ஓட்டுநர் உரிமம் சாரதி அனுமதிப்பத்திரம். துறை பெரும்பாலும் திணைக்களம். கிராம அலுவலர் என்று இருந்தால் இங்கே, கிராம நிர்வாக அலுவலர் என்றால் அங்கே. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை போன்றவை இரு பக்கமும் ஒரே சொல் என்பதால் அவற்றில்தான் ஏமாறுவார்கள். பத்துத் தலைப்புகளை அச்சிட்டுக் கொடுத்து நாடு பிரிக்கச் சொன்னால் ஐந்து நிமிடப் பயிற்சி.

பழைய நூல், இதழ் தேடும் வாசகருக்கு எங்கே போவது என்ற வரைபடமும் பணியாளருக்கு வேண்டும். இலங்கைப் பதிப்பு என்றால் நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகம், 2005 முதல் இயங்குவது. தமிழ்நாட்டுப் பழைய அச்சு நூல் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். சங்க, பக்தி இலக்கிய மூலபாடம் தேடக்கூடிய எழுத்தாக வேண்டும் என்றால் மதுரைத் திட்டம். படமாக மட்டும் உள்ள நூலுக்குள் சொல் தேட முடியாது என்பதை முதலிலேயே சொல்லாவிட்டால், தேடிப் பார்த்துவிட்டு 'இந்தப் புத்தகத்தில் அந்த விஷயம் இல்லை' என்று வாசகரிடம் சொல்லிவிடுவார்கள்.

---

பயிற்சி_மேசை

எல்லோருக்கும் நன்றி. கைபேசி பற்றிச் சொன்னது சரி. எண்ணிப் பார்க்கிறேன், பிற்பகலைக் கைபேசிக்கே மாற்றலாம் போல. இரண்டு சந்தேகம் மிச்சம். ஒன்று, வாசகர் 'நீங்களே விண்ணப்பம் போட்டுக் குடுத்துடுங்க' என்று கைபேசியையும் ஓடிபியையும் நீட்டினால் என்ன சொல்லிக் கொடுப்பது? இரண்டு, பலனை அளப்பது பற்றி யாரும் தொடவில்லை.

---

மேசைவிளக்கு

ஓடிபிக்கு ஒரே பதில்: கையில் வாங்கக் கூடாது, வாயாலும் கேட்கக் கூடாது. திரையை வாசகர் பக்கம் திருப்பி, எந்தக் கட்டத்தில் என்ன என்று காட்டலாம். அடிப்பது அவர் விரல். நாளைக்கு அவர் கணக்கில் ஏதாவது ஆச்சுன்னா முதல்ல ஞாபகம் வருவது நூலகர் முகம்தான். முடியாதவங்களை இ-சேவை மையத்துக்கு அனுப்புங்க, அங்கே ஒப்புகைச் சீட்டு கிடைக்கும்.

பொதுக் கணினியில் வேலை முடிஞ்சதும் வெளியேறு, பிறகு டவுன்லோடு ஃபோல்டர், அப்புறம் மறுசுழற்சித் தொட்டி, கடைசியா அச்சு வரிசை. இந்த நாலையும் பார்க்கப் பழக்குங்க. நின்னுபோன அச்சு அடுத்த ஆள் வந்து பிரிண்டரைத் தட்டும்போது வெளியே வரும், யாரோ ஒருத்தர் சாதிச் சான்றிதழோட. உலாவியை விருந்தினர் முறையில் திறந்து வைத்தா கடவுச்சொல் சேமிப்புத் தொல்லை இருக்காது. பணம் போயிடுச்சுன்னு யாராவது ஓடி வந்தா முதல் வேலை 1930-க்கு ஃபோன், தேடல் எல்லாம் அப்புறம். எவ்வளவு சீக்கிரம் சொல்றாங்களோ அவ்வளவு தூரம் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு.

மருத்துவம், சட்டம் பற்றிய எல்லையும் இங்கேயே வரும். ஆதாரத்தை எடுத்துக் கொடுக்கலாம், அதில் இருக்கும் வரியை வாசிச்சுக் காட்டலாம். 'அப்ப நான் இந்த மாத்திரையை நிறுத்தலாமா' என்ற கேள்விக்கு மட்டும் வாயைத் திறக்கக் கூடாது.

---

கோலன்_பகுப்பு

அளப்பதற்கு: காலை 10 மணிக்கு ஆறு கேள்வி, மாலை 4 மணிக்கு அதே கடினத்தில் வேறு ஆறு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்பெண். விடைக்கு 1, ஆதாரத்துக்கு 1, அந்த ஆதாரத்தின் தேதியைக் குறித்ததற்கு 1. மொத்தம் 18. சரியான விடையை ஆதாரம் இல்லாமல் எழுதியவருக்கு ஒன்றுதான். முதலில் முணுமுணுப்பார்கள், விடுங்கள். பெயர் எழுதச் சொல்லாமல் ஒரு எண்ணைத் தேர்ந்து இரண்டு தாளிலும் போடச் சொன்னால் ஒப்பிடவும் முடியும், பயமும் இருக்காது.

கேள்வி ஒன்று தருகிறேன், ஆர்வமாகத் தேடுவார்கள்: நூலக வரி சொத்து வரியில் ரூபாய்க்கு எவ்வளவு? 1948 பொது நூலகச் சட்டத்தின் மூல வடிவத்தோடு நிற்பவர் 6 தம்பிடி என்று எழுதுவார். திருத்தங்களையும் பார்த்தவர் 10 காசு என்று எழுதுவார். இரண்டுக்கும் ஆதாரம் காட்டலாம். தேதிக்கு ஏன் தனி மதிப்பெண் என்று அப்போது விளக்கவே வேண்டாம்.

ஆனால் அன்றைய மாலை மதிப்பெண்ணை வைத்து அறிக்கை எழுதிவிடாதீர்கள். ஆறு வாரம் கழித்துப் பார்க்க வேண்டும். அதற்கு, எதிர்பாராத நாளில் ஒரு கேள்வி தொலைபேசியில் வரும் என்று பயிற்சியன்றே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் செய்தால் அது உளவு பார்ப்பதாகும், அடுத்த பயிற்சிக்கு யாரும் மனது வைத்து வரமாட்டார்கள். முடிவை நூலகம் வாரியாக வெளியிடாமல் மொத்தமாக மட்டும் சொல்லுங்கள்.

தினமும் செய்ய ஒன்றே ஒன்று: கேள்விக் குறிப்பேடு. தனிப் பதிவேடு, கையெழுத்து, முத்திரை எதுவும் வேண்டாம். வரவுப் பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில் நான்கு பத்தி: என்ன கேட்டார், எதில் பார்த்தேன், கிடைத்ததா, கிடைக்காவிட்டால் எங்கே அனுப்பினேன். வாசகர் பெயர் எழுதவே கூடாது. கிளையில் கிடைக்காதது மாவட்ட மைய நூலகத்துக்கு, அங்கும் இல்லாதது கன்னிமாராவுக்கோ அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கோ போகட்டும். மாதத்துக்கு ஒருமுறை 'கிடைக்கவில்லை' வரிகளை மட்டும் கைபேசியில் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த பயிற்சிக்கான அட்டைகளின் முன்பக்கத்தை நீங்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்காது.

---

பழைய_கேட்லாக்

அந்தப் படத்தை எடுக்கும் முன் பக்கத்தில் யார் கைபேசி எண்ணாவது கிறுக்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். குறிப்பேட்டின் கடைசிப் பக்கம் என்றால் அங்கே எண் எழுதாத ஆள் கிடையாது.